இருபது ஜிபி போதும் என்றேன்

அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்கள் அழிந்துபோனதற்குக் காரணம் புஷ்பம் அல்ல. நான்.

சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகத் தொண்டையில் கிடந்த வரி இது. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சிறியதாக இருக்கிறது! இதைச் சொல்லவா இவ்வளவு காலம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை. நடுவில் ஒரு பிணம் வரும், அதற்காக இவன் அழுவான் என்று காத்திருக்காதீர்கள். ஒரு பெண்ணின் வேலை போனது. அவ்வளவுதான்... அவ்வளவுதானா? இல்லை. அந்தப் பெண் அதன் பிறகு தன் கையையே நம்பாதவள் ஆகிப்போனாள். அதையும் செய்தவன் நான்தான்.

என் பெயர் சேகர். சொந்த ஊர் கீழே பழனிப் பக்கம் ஆயக்குடி, கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். லாட்ஜுகளுக்கு சர்வர் அமைப்பது, கேமரா மாட்டுவது, பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இப்போது என் மேசைமேல் ஒரு புதிய சர்வர் இருக்கிறது. திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம்? பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி. அதில் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும்.

காலையிலிருந்து தட்டவில்லை. எழுந்து வாசலுக்குப் போகிறேன். எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். திரும்பி வந்து உட்காருகிறேன். டீ சொல்கிறேன், அது வந்து ஆறிப்போகிறது. இருபது வருடமாக இதே வேலையைச் செய்கிறவனுக்கு ஓர் எண்ணைத் தட்டத் துணிச்சல் இல்லை!

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு சர்வரின் டிஸ்க்கை மொத்தமாக விட்டுவைப்பதில்லை. உள்ளே சுவர் எழுப்பி அறை அறையாகத் தடுப்போம். அதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். ஓர் அறையில் இயங்குதளம். இன்னொன்றில் பயன்படுத்துகிறவர்களின் கோப்புகள், அதற்கு ‘ஹோம்’ என்று பெயர். மற்றொன்றில் மென்பொருள்கள் தாமாக எழுதிச் சேர்த்துக்கொண்டே போகிற சங்கதிகள், அதற்கு ‘வார்’ என்று பெயர். ஓர் அறை நிரம்பிவிட்டால் பக்கத்து அறை காலியாகக் கிடந்தாலும் பயனில்லை. ஆகவே சுவர் எழுப்பும் முன்பே கேட்க வேண்டும்: இந்த மெஷினில் எது வளரும்? எந்த அறையில் வளரும்? எவ்வளவு வேகமாக வளரும்?

நான் கேட்கவில்லை. லாட்ஜுக்குப் போடுகிற கணக்கையே அந்த ஆஸ்பத்திரிக்கும் போட்டேன். லாட்ஜில் வளர்வது கேமராப் பதிவு. அது ஹோமில் போய்ச் சேரும். எனவே ஹோமுக்கு டிஸ்க்கின் பெரும்பகுதி, வாருக்கு இருபது ஜிபி. கை பழகிப்போன எண் அது. யோசிக்காமலே விரல் தட்டிவிடும்.

கொடைக்கானலில் தொழில் செய்கிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வருடத்தை இரண்டாகத்தான் பார்ப்போம். சீசன், சீசன் இல்லாத காலம். மே மாதத்தில் லாட்ஜும் நிரம்பும், சர்வரும் திணறும். ஜூனில் காற்று கிளம்பினால் இரண்டும் காலி. அதனால் சீசனில் எதையும் அரைகுறையாக ஓட்டிவிட்டு, காற்றுக் காலத்தில் போய் நிதானமாகச் சரிசெய்வது எங்கள் வழக்கம். “காத்து வரட்டும், பாத்துக்கலாம்” என்று இங்கே எலக்ட்ரீஷியனும் சொல்வான், பிளம்பரும் சொல்வான். நானும் அப்படியே சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டியவன்.

ஆஸ்பத்திரிக்கு எது சீசன் என்று நான் யோசித்தேனா? மேயில் மலைக்காரர்களுக்கு உடம்பு நோவைப் பார்க்க நேரம் ஏது? வண்டி ஓட்டுவார்கள், சோளம் சுடுவார்கள், அறை பெருக்குவார்கள். வெளியூர்க்காரர்கள் இறங்கிப்போன பிறகுதான் இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஈரம் பிடித்த சரிவுகளில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொள்வதும் அப்போதுதான். எனக்குச் சீசன் முடிகிற நாளில் அவர்களுக்குச் சீசன் தொடங்குகிறது. இந்த ஊரில் இத்தனை வருடம் சோறு தின்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பெருமாள்மலையில், பழனி ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே இருந்தது அந்தச் சிறிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். புதிதாக எக்ஸ்ரே இயந்திரம் வாங்கியிருந்தார்கள். ஃபிலிம் கிடையாது. படம் நேராக சர்வருக்குப் போகும். பழனியில் இருக்கிற ஒரு டாக்டர் அங்கிருந்தபடியே அதைத் திறந்து பார்த்து முடிவு சொல்வார். மேலே இருப்பவர்கள் ஒரு படத்துக்காக மலை இறங்க வேண்டாம். நல்ல ஏற்பாடு.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் புஷ்பம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளுடைய அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லோருமே காப்பித் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் தினக்கூலி. வீட்டுக்காரர் திருப்பூரில் ஏதோ கம்பெனியில், வந்தால் உண்டு. புஷ்பம் அந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்கத்தான் முதலில் போனாள். பன்னிரண்டாவது படித்திருந்ததால் சீட்டுப் பதியச் சொன்னார்கள். பிறகு டைப்பிங். பிறகு அந்த நாற்காலி. அவள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். எனக்கு இது தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள். தெரிந்தேதான் செய்தேன்.

நான் சர்வர் அமைக்கப் போனது மே மாதம். என் ஃபோன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கம் ஒரு பெரிய லாட்ஜில் பில் மெஷின் நின்றுபோய், முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். ஒரு காதில் ஃபோன், ஒரு கையில் கீபோர்டு. புஷ்பம் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“தேத்தண்ணி ஆறுதுண்ணே. குடிச்சிட்டுச் செய்ங்க.”

திரையில் இதே கேள்வி நின்றது. இருபது என்று தட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “எடுக்குற படமெல்லாம் எங்கண்ணே போய் உக்காரும்?”

“உள்ள நெறைய எடம் கெடக்கு புஷ்பம். பத்து வருசத்துக்குக் கவலப்பட வேண்டாம்.”

அந்த எக்ஸ்ரே மென்பொருள் படங்களை ஹோமில் வைக்கவில்லை, வாரில் வைத்தது. அதன் குறிப்பைத் திறந்து படித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். படிக்கவில்லை. காற்று வரட்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். கரண்ட் போய் யூபிஎஸ் கத்தினால் பதறக் கூடாது. முதலில் திரையில் ஷட் டவுன் கொடுக்க வேண்டும். திரை கறுப்பான பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். அவள் அதைத் திருப்பித் திருப்பி என்னிடம் ஒப்பித்தாள். செய்தும் காட்டினாள். அவ்வளவு கவனமாகக் கற்றுக்கொள்கிறவர்களை நான் லாட்ஜுகளில் பார்த்ததே இல்லை.

ஜூலை வந்தது. காற்று பலத்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இல்லை. கடையைச் சாத்திவிட்டு ஆயக்குடிக்கு இறங்கிவிட்டேன். கொய்யா வரத்து நேரம், அண்ணனுக்கு ஆள் போதவில்லை. சந்தையில் ஏலச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறேன், ஃபோன் வருகிறது.

“அண்ணே, புஷ்பம் பேசுறேன். தெரையில ஓரமா மஞ்சளா ஒரு எழுத்து வந்து வந்து நிக்குது.”

“என்ன போட்டிருக்கு?”

“இங்கிலீசுல இருக்குண்ணே. எழுத்துக் கூட்டிச் சொல்லவா?”

“வேணாம், வேணாம். படம் தெரியுதுல்ல?”

“தெரியுது.”

“அப்ப ஒண்ணுமில்ல. மூலையில எக்ஸ் மாதிரி இருக்கும் பாருங்க, அத அழுத்தி மூடிருங்க.”

“தெனமும் வந்தா?”

“தெனமும் மூடுங்க. நான் அடுத்த வாரம் மேல வந்து பாக்குறேன்.”

எழுத்துக் கூட்டிச் சொல்லவா என்று கேட்டாள்! நான்கைந்து எழுத்தைச் சொல்லியிருந்தால் போதும், எனக்கு விளங்கியிருக்கும். இடம் முடியப்போகிறது என்று அந்த மெஷின் அவளிடம் கதறிக்கொண்டிருந்தது. அதன் வாயை மூடச் சொன்னது யார்? நான். அவள் சொன்னபடியே தினமும் மூடினாள்.

வார் நிரம்பியது. வைக்க இடமில்லாத படங்களை அந்த மென்பொருள் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டது. கரண்ட் இருக்கும்வரைதான் அந்த நினைவு. மெஷினை அணைத்தால் போய்விடும். திரையில் பார்த்தால் எல்லாம் இருப்பது போலவே தெரியும். பழனி டாக்டர் திறந்தாலும் தெரியும். டிஸ்க்கில் மட்டும் ஒன்றும் இருக்காது. இப்படியே இரண்டு வாரம் ஓடியிருக்கிறது.

பிறகு ஒரு நாள் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. யூபிஎஸ் கத்தியது. புஷ்பம் பதறவில்லை. ஷட் டவுன் கொடுத்தாள். திரை கறுப்பாகும்வரை காத்திருந்தாள். அதன் பிறகுதான் சுவிட்சை அணைத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

கரண்ட் வந்து மெஷினைப் போட்டபோது இரண்டு வாரப் படங்களைக் காணோம்.

ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டார். பழனி ரோடு வழியாக மேலே ஏறினேன். கையில் ஒரு பை கொய்யா. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுபோனேன்.

உட்கார்ந்து, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். ஹோம் ஏறக்குறைய காலி. வார் முழுக்க நிறைந்து, நூறு சதவீதம் என்று காட்டியது. பக்கத்தில் மேனேஜர் நின்றார். பின்னால் புஷ்பம், கையில் எனக்கான தேத்தண்ணியோடு. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு விசையைத் தட்டித் திரையை மாற்றினேன்.

என்ன நினைத்தேன் தெரியுமா? நோயாளிகளை நினைக்கவில்லை. இது சின்ன ஊர். சேகர் போட்ட சர்வரில் எல்லாம் போய்விட்டது என்று ஒரு லாட்ஜில் பேசினால் சாயங்காலத்துக்குள் எல்லா லாட்ஜிலும் பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன். என் கடையை நினைத்தேன். என்னை மட்டும்தான் நினைத்தேன்.

“என்ன சேகர், ப்ராப்ளம் மெஷின்லயா, ஆளுலயா?” என்று மேனேஜர் கேட்டார். வேகமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். ஆஃப் பண்ணதுதான் சரியில்ல. படம் எழுதிட்டு இருக்கும்போதே சுவிட்ச அமத்திட்டாங்க போல.”

போல! அந்தச் சின்னச் சொல்லுக்குள் நான் முழுசாக ஒளிந்துகொண்டேன் பாருங்கள். நாக்குக் கூசவில்லை.

“இல்ல சார்,” என்றாள் புஷ்பம். “அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரிதான் செஞ்சேன். தெர கறுப்பானதுக்கு அப்புறந்தான் சுவிட்சத் தொட்டேன்.” அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, “மஞ்சளா எழுத்து வருதுன்னு அண்ணனுக்குப் ஃபோன்கூடப் போட்டேன் சார். அண்ணனக் கேளுங்க” என்றாள்.

என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். நான் காப்பாற்றுவேன் என்று நம்பித்தான் அழைத்தாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“அது பிரிண்டர் விஷயம் சார். பேப்பர் தீந்தா அப்படித்தான் எழுத்து வரும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

புஷ்பம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கோபம் இல்லை. அவள் யோசித்தாள். தான் பார்த்ததைத் தானே ஒரு முறை தேடிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அப்படியாண்ணே? பிரிண்டராத்தான் இருக்கும் சார். எனக்கு இங்கிலீசு சரியா வராது.”

இங்கேதான்... இங்கேதான் நான் செய்தேன். வாருக்கு இருபது ஜிபி கொடுத்தது தப்புக்கணக்கு. யாருக்கும் வரும். மஞ்சள் எழுத்தை மூடச் சொன்னது அலட்சியம். அதையும் யாரோ ஒருவர் மன்னித்துவிடலாம். ஆனால் கண்ணால் கண்டதையே ஒருத்தி சந்தேகப்படும்படி செய்தேனே, அதற்கு என்ன பெயர்? நான் படித்தவன், மெஷின் தெரிந்தவன் என்பதால் தன் நினைவைவிட என் வார்த்தையை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

எக்ஸ்ரே இயந்திரம் கடைசி இரண்டு நாள் படங்களைத் தன்னிடமே வைத்திருந்தது. அதை மீட்டுக் கொடுத்தேன். “யூ ஆர் கிரேட் சேகர்” என்று மேனேஜர் கையைக் குலுக்கினார். வேறு யாரும் பார்க்காதபோது படங்களின் இடத்தை வாரிலிருந்து ஹோமுக்கு மாற்றினேன். மாற்றி முடிக்கச் சிறிது நேரம்தான் ஆனது. அவ்வளவு சுலபமான வேலை அது!

படம் தொலைந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்தார்கள். மலைக்குள்ளே தள்ளிக் கிடக்கிற கூக்காலிலிருந்தெல்லாம் வந்தார்கள். அந்த ஊருக்கு ஓடுவதே சில பஸ்கள்தான், கூலியை விட்டுவிட்டு, ஒடிந்த கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த எரிச்சலையெல்லாம் புஷ்பத்தின் மேல்தான் கொட்டினார்கள். “படத்தத் தொலச்ச பொம்பள நீதானா?” என்று ஒரு பெரியவர் கேட்டாராம். ஆமாங்கய்யா என்று சொன்னாளாம்.

கிளம்பும்போது மேனேஜரிடம் நான் ஒன்று சொன்னேன். “தெரியாமச் செஞ்சிருப்பாங்க சார். பெருசு பண்ணாதீங்க.” புஷ்பத்தின் காதில் விழும்படித்தான் சொன்னேன். கொய்யாப் பையையும் அவள் கையிலேயே கொடுத்தேன். “பிள்ளைக்குக் குடுங்க” என்றேன். அவளுடைய மகள் கவிதா அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிந்ததும் புஷ்பத்தை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அதன் பிறகு அவள் பூண்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். பெருமாள்மலையிலிருந்து வெள்ளனே ஜீப் கிளம்பும், ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கூக்கால் பக்கம் போகும். ஒரு நாள் பெருமாள்மலை டீக்கடையில் நான் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. “அண்ணே, நல்லாருக்கீங்களா?” பழைய ஸ்வெட்டர், தலையில் துண்டு, நகக்கண்ணெல்லாம் மண். அந்தக் கைதான் ஷட் டவுன் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கை.

“அன்னிக்கு எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தாண்ணே. உங்க சோலிக்கும் நான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! என்னிடம்!

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள்... இல்லை, நம்ப வேண்டாம். நானே நம்பவில்லை. ஜீப்காரன் ஹார்ன் அடித்து “வெரசா ஏறுக்கா” என்றான். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பல வருடம் அந்த ஹார்னைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹார்ன் அடிக்காவிட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? குளிர் ஜாஸ்தி என்று சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு வலியப் போய் உதவினேன். கவிதாவின் லேப்டாப் பழுதானால் நான்தான் பார்ப்பேன். காசு வாங்க மாட்டேன். கவிதாவுக்கு நான் மாமா ஆனேன். உதவினால் பாரம் குறையும் என்று நினைத்தீர்களானால், செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுத் தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அவர்கள் வீட்டில்தான் அதைப் பார்த்தேன். கவிதா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்திருந்த நேரம். நான் போனபோது டிவி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாக இருக்கிறதே, அணையுங்கள் என்றேன். புஷ்பம் எழவில்லை. “கவி வந்து அமத்துவாண்ணே” என்றாள். மிக்ஸி, டேபிள் ஃபேன் எதையும் அவள் அணைப்பதில்லையாம். போடுவாள், அணைக்க மாட்டாள். மகள் கடைக்குப் போனால் வரும்வரை எல்லாம் அப்படியே ஓடும்.

“எதுக்குண்ணே வம்பு. என் கைராசி அப்படி” என்று சிரித்தாள்.

அன்று கவிதா கேட்டாள். அவள் அம்மாவைப் போல இல்லை, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள்.

“மாமா, ஒரு டவுட். ஷட் டவுன் குடுத்து, ஸ்கிரீன் ஆஃப் ஆனதுக்கு அப்புறம் சுவிட்ச ஆஃப் பண்ணா டேட்டா எப்படிப் போகும்? எங்க சார்கிட்டக் கேட்டேன். போகாதுன்னாரு.”

எதிரே புஷ்பம். இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்கு வாய்க்குமா?

“அப்ப இருந்த சாஃப்ட்வேர் பழசும்மா. அதெல்லாம் அப்படித்தான்.”

“அம்மா ஒழுங்காத்தான் ஆஃப் பண்ணுச்சு மாமா. நானே எத்தன தடவ கேட்டிருக்கேன்.”

“ஏய், மாமாவ நோண்டி நோண்டிக் கேக்காத,” என்று புஷ்பம் அதட்டினாள். “அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? போய்த் தேத்தண்ணி வை.”

கவிதா எழுந்து போனாள். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. தெரிந்து பார்த்தாளா, தெரியாமல் பார்த்தாளா?

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். கவிதா படிப்பை முடித்துவிட்டாள். அதே ஆஸ்பத்திரியில் அதே நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். அவள் விண்ணப்பித்தாள். அதே மேனேஜர்தான், தலை நரைத்துவிட்டது. எனக்கு ஃபோன் போட்டார்.

“சேகர், அந்தப் புஷ்பத்தோட பொண்ணாமே. குவாலிஃபிகேஷன் எல்லாம் ஓகே. ஆனா அம்மா பண்ணது ஞாபகம் இருக்குல்ல? ரிஸ்க் எடுக்கலாமா? நீங்க சொன்னா வச்சுக்கிறேன்.”

ஒரே ஒரு வாக்கியம் போதும். சார், அன்று தப்புப் பண்ணியது புஷ்பம் இல்லை, நான்தான். அவ்வளவே. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது, சத்தியமாக வந்தது! ஆனால் அவர் பேச்சோடு பேச்சாக, ஆஸ்பத்திரியின் புதிய சர்வருக்கான ஆர்டரும் உங்களுக்குத்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“தைரியமா வைங்க சார். பொண்ணு அவ அம்மா மாதிரி இல்ல.”

ஃபோனை வைத்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பழியை இன்னொரு முறை அவள் தலையில் போட்டேன். மகளைத் தூக்கிவிடுகிறேன் என்று தாயை மிதித்தேன். உண்மையைச் சொல்லியே அந்தப் பெண்ணுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

கவிதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

நேற்று புஷ்பம் கடைக்கு வந்தாள். கையில் ஒரு லட்டு டப்பா. கவிதாவும் கூட வந்திருந்தாள். புஷ்பத்தின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

“மேனேஜர் எல்லாத்தையும் சொன்னாருண்ணே. நீங்க சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் எடுத்தாராம். ‘அவ அம்மா மாதிரி இல்ல’ன்னு சொன்னீங்களாமே.”

நான் தரையைப் பார்த்தேன்.

“அது போதும்ணே எனக்கு. நாங் கும்புட்டதே அதுக்குத்தான். எம் புள்ள என்ன மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கவிதா சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த புதிய சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லட்டைத் தின்றேன். தின்னாமல் என்ன செய்ய முடியும்? முழுவதையும் தின்றேன்.

நீங்கள் கேட்பீர்கள், இப்போதாவது போய்ச் சொல்வதற்கென்ன என்று. சொன்னால் என்ன ஆகும் என்று நூறு விதமாக எண்ணிப் பார்த்துவிட்டேன். அவள் என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். “அதனால என்னண்ணே, விடுங்க” என்று சொல்லிவிட்டால்? அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இதுவும் ஒரு சாக்குத்தான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களால் எனக்கு ஒரு கெடுதலும் வராது, அதனால்தான்.

சற்று முன் கவிதா ஃபோன் போட்டாள்.

“மாமா, புது சர்வருக்கு டிஸ்க் பார்ட்டிஷன் பண்ணும்போது நானும் கூட இருக்கலாமா? எந்த ஃபோல்டருக்கு எவ்வளவு குடுக்குறீங்கன்னு பாக்கணும்.”

“அதெல்லாம் முடிச்சாச்சும்மா,” என்றேன்.

“சரிங்க மாமா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

திரையில் அந்தப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.